நீண்ட வறட்சிக்குப் பின் பெய்த மழை ஏதாவது உங்கள் நினைவில் தங்கியிருக்கிறதா? எங்கே, எப்படிப் பார்த்தீர்கள்?

தங்கியிருக்கிறது. தேதியோடு சொல்வேன்: 2019 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை ராத்திரி. இடம், மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை வீட்டுத் திண்ணை.

அந்த வருஷம் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2018-இல் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் பெய்யவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஜூனில் கிட்டத்தட்டக் காலி. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை, ஏதோ பக்கத்து நாட்டுப் பிரதமர் வந்து இறங்குவதைப்போல டிவியில் நேரலையாகப் பார்த்தோம். எங்கள் அடுக்குமாடியில் காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் குழாயில் தண்ணீர். லாரி வராத நாளில் அதுவும் கிடையாது. நடுவில் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அங்கங்கே பெய்தது. ஆனால் போர்வெல் மசியவில்லை.

என் பையனுக்கு அப்போது ஏழு வயது. அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு என்று அவனுக்கே மனப்பாடம். ஒருநாள் விருந்தாளி ஒருவர் பாதி டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்தபோது, "அங்கிள், மிச்சத்தைக் குடிச்சுட்டுப் போங்க" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

சுதந்திர தினம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கு லீவு போட்டால் நான்கு நாள். சரி, அத்தை வீட்டுக்குப் போவோம், பையன் ஏரியைப் பார்க்கட்டும் என்று கிளம்பினோம். வழியெல்லாம் காஞ்சிபுரம் போகும் வண்டிகள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திமரப் பெருமாளான அத்திவரதர், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை என்ற வழக்கப்படி அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்திருந்த வருஷம் அது. 16-ஆம் தேதியோடு தரிசனம் முடிகிறது என்பதால் கடைசி நேரக் கூட்டம். அத்தை ஏற்கெனவே சயன கோலத்தில் ஒருமுறை, நின்ற கோலத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை போய் நசுங்கி வந்திருந்தார்.

ஏரியைப் பார்க்கட்டும் என்றேனே, ஏரி எங்கே இருந்தது? ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மதுராந்தகம் ஏரி சின்ன ஏரி இல்லை. நிறைந்திருந்தால் அக்கரை மங்கலாகத்தான் தெரியும். முழுக் கொள்ளளவுக்கு 23 அடிக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். அன்று அதில் இரண்டு கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுகள் மேய்ந்தன. தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் பையன் முழங்கை வரை விட்டுப் பார்த்தான், அடி தட்டுப்படவில்லை. செத்துப்போன நத்தை ஓடுகளைப் பொறுக்கி டவுசர் பையை நிரப்பிக்கொண்டான். "இது ஏரின்னு சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே கோயிலில் இருப்பவருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். 1798 வாக்கில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரை, கரை எப்போது உடையுமோ என்று தவித்த ஒரு மழை ராத்திரியில், வில்லும் கையுமாக இரண்டு பேர் கரைமேல் காவல் நிற்பதைப் பார்த்தார் என்பது ஊர்க் கதை. கரை தப்பியது. வேண்டிக்கொண்டபடியே தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார். (வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டபோது உத்தரவு எழுதிக் கொடுத்தவரும் இதே துரைதான். மனுஷர் வேலை பார்த்திருக்கிறார்.) பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கே வந்தார். "அப்போ காவல் காக்கத் தண்ணி இருந்தது. இப்ப ராமர் எதைக் காப்பாரு, வேலிகாத்தான் முள்ளையா?"

மாமாவுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். அந்த வருஷம் அதுவரை அதில் எதுவும் போடவில்லை. அதைப்பற்றி அவர் பேசவுமில்லை.

சனிக்கிழமை பகல் புழுக்கம் தாங்கவில்லை. ஒரு இலை அசையவில்லை. சாயங்காலம் மேற்கே கறுத்தது. யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பல தடவை ஏமாந்தவர்களுக்கு வரும் ஜாக்கிரதை அது, சொன்னால் போய்விடுமோ என்று. அத்தை மட்டும் கொடியில் கிடந்த துணியைச் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே போட்டார். ஒன்பது மணி இருக்கும், காற்று வந்தது. முதலில் புழுதி, அப்புறம் கரண்ட் போனது, அப்புறம் வாசனை. மண்வாசனையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. எனக்கு நினைவிருப்பது சத்தம். மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய மாதிரி விழுந்தது. பையன் எண்ணவே ஆரம்பித்தான். பதினேழோ பதினெட்டோ, அதற்குமேல் எண்ண முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியதாயிற்று.

அடுத்து அவன் செய்ததைத்தான் நான் மறக்கமாட்டேன். திண்ணையிலிருந்து குதித்து ஆடுவான் என்று நினைத்தேன். அவன் உள்ளே ஓடினான். பக்கெட், அண்டா, குண்டான், இட்லிப் பானை, கடைசியில் அத்தையின் எவர்சில்வர் தூக்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றும் நிறைந்ததும், "அம்மா, வழியுது, வேற எடுத்துட்டு வா, வீணாப் போவுது" என்று அழாத குறை. அத்தை அவனைத் தூக்கிக்கொண்டுபோய் மழையில் நிறுத்தி, "வீணாப் போவட்டும்டா கண்ணு, மண்ணுக்குள்ளதான போவுது" என்றார். அதற்குப் பிறகுதான் ஆடினான்.

மழை விட்டபோது பதினொன்றரை. தவளைகள் அவ்வளவு நாள் எங்கேதான் இருந்தனவோ, ஊரையே தூக்கிக்கொண்டு போயின. கரண்ட் வந்ததும் டியூப் லைட்டைச் சுற்றி ஈசல். அத்தை லைட்டுக்குக் கீழே அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தார். காலையில் அது முழுக்க இறக்கைகள். இன்னொரு விஷயம்: அன்றைக்கு ராத்திரிதான் அத்திவரதரைத் திரும்பக் குளத்துக்குள் வைக்கும் சடங்கு. "தனக்கு வேண்டிய தண்ணிய அவரே வரவழைச்சுக்கிட்டாரு" என்று அத்தை முடித்துவிட்டார். மாமாவோ, வெப்பச்சலனம் என்று ரேடியோவில் நேற்றே சொன்னார்கள் என்றார். நான் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரி நிறைந்திருக்கும் என்று பையன் ஓடினான். எனக்குள்ளும் ஒரு சின்ன ஆசை, ஒத்துக்கொள்கிறேன். ஏரியில் தண்ணீர் இல்லை. பள்ளங்களில் மட்டும் காப்பி நிறத்தில் கொஞ்சம். ஆனால் குனிந்து பார்த்தால் வேறு விஷயம். முந்தாநாள் கத்தி முனை மாதிரி இருந்த வெடிப்புகளின் ஓரம் எல்லாம் இளகித் தொங்கியது. தண்ணீர் தேங்கிய வெடிப்புகளில் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழி வந்து உடைந்தது. மண்ணுக்குள் இருந்த காற்று வெளியே வருகிறது என்று மாமா சொன்னார். "குடிக்குது பாரு" என்று பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மெலிதாக ஒரு 'சுர்ர்' சத்தம்கூடக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அங்கே அரை மணி நேரம் குந்தியிருந்தோம், ஒரு வெடிப்பைப் பார்த்துக்கொண்டு.

வரத்துக் கால்வாயையும் போய்ப் பார்த்தோம். ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை. ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் மேலே இருக்கிற மண்ணும் குட்டையும் சின்ன ஏரிகளும் முதலில் குடித்து முடிக்க வேண்டும். இப்படி நாலு மழை பெய்தாலும் இங்கே எட்டிப் பார்க்காது, ஐப்பசி அடைமழைதான் கணக்கு என்றார் மாமா. அப்படியானால் இந்த மழையால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். பட்டணத்துக் கேள்வி. அவர் பதில் சொல்லாமல் தன் கழனிக்கு நடந்தார். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, புரண்ட மண்ணைக் கையில் எடுத்து அமுக்கினார். உருண்டை பிடித்தது. இன்னொரு வெட்டு. அதற்குக் கீழே வெளுத்த காய்ந்த மண். "ஓர் உழவு மழை" என்றார், ஒரு தடவை உழும் அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் அவருக்கும் தெரியும், ஆனால் எத்தனை உழவு என்பதுதான் அங்கே பேச்சு. மறுவாரம் அதில் எள் விதைத்ததாக போனில் சொன்னார்.

சாயங்காலம் கிளம்பும்போது, தூக்கில் பிடித்த மழைத் தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றித் தரச் சொல்லிப் பையன் அடம். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தான். எங்கள் கட்டட வாசலில் வாட்ச்மேன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, "அத்திவரதர் தீர்த்தமா தம்பி, எனக்குக் கொஞ்சம்" என்று கையை நீட்டினார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து, அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் ஊற்றினான்.