ஏ.ஆர்.15 ரைஃபிளுக்கு ஹேண்ட்கார்டு மாட்ட எதற்குத் தனி ரெஞ்ச்? சாதா ஸ்பேனர் போதாதா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஹேண்ட்கார்டு வாங்கினால் அதற்கென்று ஒரு ரெஞ்சும் வாங்கச் சொல்கிறார்கள். இது காசு பிடுங்கும் வேலைதானே?"

பாதி காசு பிடுங்கும் வேலைதான். மீதிப் பாதி நிஜமான தேவை. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டெக்சஸில் இருக்கிறேன். பிழைப்பு, ஒரு மெஷின் ஷாப்பில் தரக்கட்டுப்பாடு. கிரீன் கார்டு வந்த பிறகு, கூட வேலை பார்க்கும் ஒருவரோடு சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போகப் பழகினேன். சுடுவதைவிட அவருடைய கராஜில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. கைவைத்துக் கெடுத்த அனுபவமும் அங்கேதான்.

ஹேண்ட்கார்டு என்பது பேரலைச் சுற்றி இருக்கும் உறை. நாலு மேகசின் தொடர்ந்து சுட்டால் பேரலைத் தொட முடியாது. முன்கையை வைத்துப் பிடிக்க ஒரு காப்பு வேண்டும், அவ்வளவுதான். பழைய ராணுவ மாடலில் இது ரொம்ப எளிது. இரண்டு பாதியாக வரும் பிளாஸ்டிக் ஓடு, பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு வளையம். டெல்டா ரிங் என்பார்கள். வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் ஓடு கையோடு வந்துவிடும். (ஸ்பிரிங் புதுசாக இருந்தால் ஒருவர் இழுக்க, இன்னொருவர் ஓட்டை உருவ வேண்டும். அதற்கும் ஒரு கருவி விற்கிறார்கள், விடுங்கள்.)

ஆனால் அந்த ஓட்டின் முன்முனை பேரலிலேயே உட்கார்ந்திருக்கும். வாரை இழுத்துப் பிடித்தாலோ, முன்பக்கத்தை மணல் மூட்டையில் அழுத்தி வைத்தாலோ அந்த அழுத்தம் பேரலுக்குப் போய்விடும். குண்டு விழும் இடம் நகரும். அதனால்தான் இப்போது பலரும் ஃப்ரீ ஃப்ளோட் வகைக்கு மாறுகிறார்கள். நீளமான அலுமினியக் குழாய், பேரலை எங்கேயும் தொடாது. சரி, பேரலைத் தொடாத குழாய் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பின்னால் இருக்கும் பேரல் நட்டை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேரல் நட்டின் முதல் வேலை ஹேண்ட்கார்டைப் பிடிப்பதல்ல, பேரலையே ரிசீவரோடு (துப்பாக்கியின் உடம்பு) சேர்த்து இறுக்குவது. அதாவது ஒரு உறையை மாற்றப் போய், பேரலைப் பிடித்திருக்கும் மூல நட்டில் கை வைக்கிறோம். அந்த நட்டும் நமக்குப் பழகிய அறுகோண நட்டு இல்லை. வட்டமாக இருக்கும், விளிம்பைச் சுற்றி 20 காடிகள் வெட்டியிருக்கும். ஸ்பேனர் கவ்வ ஒரு தட்டைப் பக்கம்கூடக் கிடையாது.

ஊரில் பைக் மெக்கானிக் கடையில் நின்றவர்களுக்கு இந்த மாதிரி நட்டு புதிதில்லை. ஹேண்டில்பார் ஆடுகிறது என்று வண்டியை விட்டால், கோன் செட்டுக்கு மேலே ஒரு காடி வெட்டிய வட்ட நட்டு இருக்கும். அதற்குச் சரியான கருவி சி ஸ்பேனர். நம் ஆட்கள் உளியைக் காடியில் வைத்து சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுவார்கள், சரியாகிவிடும். பழைய வண்டி எதைப் பார்த்தாலும் அந்த நட்டில் உளித் தழும்பு இருக்கும். நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், அதனால்தான் இங்கே வந்து அடி வாங்கினேன்.

முதல் முறை எங்களிடம் அந்த ரெஞ்ச் இல்லை. மேல்பாதியைத் தனியே கழற்றிவிட்டோம். இரண்டு பின்னைத் தள்ளினால் அது வந்துவிடும். வாயு போகும் மெல்லிய குழாயான கேஸ் ட்யூபையும் உருவியாயிற்று. நண்பர் வாட்டர் பம்ப் ப்ளையர் எடுத்தார். நான் டெல்டா ரிங்கைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நட்டின் பல்லே வெளியில் தெரியும். அவர் ஒரு அழுத்து அழுத்தினார். ப்ளையர் வழுக்கி இரண்டு பல்லை மழித்துவிட்டது. இன்னொரு பக்கம் பிடித்தார், அங்கேயும் இரண்டு. நட்டு அசையவே இல்லை. கடைசியில் சின்ன கட்டிங் வீலால் நட்டை அறுத்துத்தான் எடுத்தோம். கீழே இருக்கும் ரிசீவர் மரையில் வீல் பட்டுவிடக் கூடாது என்று அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டு நிறுத்தி, மீதியைத் திருப்புளியால் நெம்பிப் பிளந்தோம். ஒரு சனிக்கிழமை முழுதும் அதற்கே போயிற்று.

அந்த ரெஞ்ச் எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அதன் வாயில் நட்டின் காடிகளுக்குப் பொருந்துகிற மாதிரி பல பற்கள் இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் கவ்வும். விசை ஒரே பல்லில் விழாமல் பரவும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். இந்த நட்டை 'நல்லா இறுக்கு' என்ற கணக்கில் இறுக்க முடியாது. ஏ.ஆர்.15-இன் ராணுவ வடிவம் எம்16. அமெரிக்க ராணுவத்தின் எம்16 குடும்பக் கையேட்டு முறை இப்படி: முதலில் 30 அடி-பவுண்டுக்கு இறுக்கு, தளர்த்து, மறுபடி இறுக்கு, தளர்த்து, மூன்று முறை இப்படிச் செய்து மரைகளை ஒன்றோடொன்று படிய விடு. அப்புறம் மறுபடி இறுக்கி, அடுத்த காடி நேருக்கு வரும்வரை போ. 80-ஐத் தாண்டாதே. நம் கணக்கில் 41-லிருந்து 108 நியூட்டன் மீட்டர். மேல் எல்லை ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் சக்கர நட்டுக்குக் கொடுக்கிற இறுக்கம்.

'அடுத்த காடி நேருக்கு வரும்வரை' என்பது ஏன்? பேரலின் முன்பகுதியில் இருந்து வாயுவைப் பின்னுக்குக் கொண்டுவரும் ஒரு மெல்லிய குழாய், அதாவது கேஸ் ட்யூப், இந்த நட்டின் ஒரு காடி வழியாகத்தான் ரிசீவருக்குள் நுழைய வேண்டும். காடி அரைகுறையாக நின்றால் குழாய் வளைந்து நுழையும். பிறகு ஒவ்வொரு முறையும் போல்ட் கேரியர் (சுடும்போது ரிசீவருக்குள் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முன்னுக்கு வரும்போது அதன் தலைமேல் இருக்கும் குமிழ் அந்தக் குழாயின் வாயில் உரசும். சரியாக நிற்கிறதா என்று பார்க்க, குழாய் போகும் துளையில் அதே பருமனுள்ள டிரில் பிட்டின் பின்பக்கத்தை நுழைத்துப் பார்ப்பார்கள். குழாயை மாட்டிய பிறகு கேரியரை விரலால் மெதுவாக முன்னுக்குத் தள்ள வேண்டும். கடைசி ஒரு அங்குலத்தில் 'சரக்' என்று ஒரு உரசல் கையில் தெரிந்தால், திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த மரை ஒன்றேகால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 சுற்று. ஒரு சுற்றுக்கு நட்டு 1.41 மில்லிமீட்டர் நகரும். 20 காடியில் ஒன்று நகர்ந்தால் 0.07 மில்லிமீட்டர். தலைமுடிக் கனம்! அந்த முடிக்கனத்துக்குள் உங்கள் 30-லிருந்து 80 வரை இருக்க வேண்டும். 75-க்கு வந்தும் காடி நேராகவில்லை, இன்னும் முக்கால் பல் பாக்கி என்றால் என்ன செய்வது? ரெஞ்சின் கைப்பிடியில் பைப்பைச் செருகி முறுக்கத் தோன்றும். ரிசீவர் அலுமினியம் என்பதை மறந்துவிடாதீர்கள். என்னதான் 7075 உசத்தி அலுமினியம் என்றாலும் மரை மரைதான். அப்படி நேரும்போது நட்டைக் கழற்றி, மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு வளையம்) போடுவார்கள், அல்லது வேறொரு நட்டை மாற்றிப் பார்ப்பார்கள். வெட்டும்போது ஏற்படும் சின்ன வித்தியாசத்தில் இன்னொரு நட்டு சட்டென்று பொருந்திவிடுவதும் உண்டு.

மரையில் கிரீஸ் கட்டாயம். எஃகும் அலுமினியமும் ஒட்டி உட்காரும் இடம், வருடக்கணக்கில் விட்டால் பிடித்துக்கொள்ளும். மாலிப்டினம் கிரீஸ் போடுவது வழக்கம். கிராஃபைட் கலந்தது வேண்டாம், அது இந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்பைக் கூட்டும்.

டார்க் ரெஞ்சையும் (இறுக்கத்தை அளந்து, வைத்த அளவு வந்ததும் கிளிக் அடிக்கும் கருவி) இதையும் சேர்க்கும்போது ஒரு கணக்கு இருக்கிறது. நான் பார்த்த வரையில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இந்த ரெஞ்சில் டார்க் ரெஞ்ச் நுழைய அரை அங்குலச் சதுரத் துளை இருக்கும். ஆனால் அந்தத் துளை நட்டின் மையத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் நீட்டிப் பிடித்தால் நெம்புகோல் நீளமாகிறது. டார்க் ரெஞ்ச் 50 என்று கிளிக் அடிக்கும்போது நட்டில் அதைவிடக் கூடுதலாக விழுந்திருக்கும். உதாரணமாக டார்க் ரெஞ்சின் நீளம் 18 அங்குலம், தள்ளி இருப்பது 2 அங்குலம் என்றால், 50 வேண்டுமானால் 45-ல் வைக்க வேண்டும் (50-ஐ 18-ஆல் பெருக்கி 20-ஆல் வகுங்கள்). கணக்குப் போடச் சோம்பலா, இரண்டையும் எல் வடிவில் செங்குத்தாகப் பிடியுங்கள். வித்தியாசம் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குக் குறைந்துவிடும். எங்கள் ஷாப்பில் புதுப் பையன்களுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், துப்பாக்கி நட்டுக்காக இல்லை, ஃப்ளாஞ்ச் போல்ட்டுக்காக.

இத்தனை விசையைக் கொடுக்கும்போது மறுபக்கம் எதையாவது பிடிக்க வேண்டுமே. ரிசீவரை நேரே வைஸில் வைத்தால் அப்பளம்தான். ரிசீவரின் வடிவத்துக்கே வார்த்த பிளாஸ்டிக் கட்டைகள் உண்டு, இரண்டு பக்கமும் அணைத்து வைஸில் இறுக்கலாம். இன்னொரு வகை, பேரலின் பின்வாயில் உள்ள பூட்டுப் பற்களுக்குள் நுழையும் எஃகுத் தண்டு. அதை வைஸில் பிடித்தால் ரிசீவர் உடம்பை வைஸ் நெருக்காது. எனக்குத் தண்டுதான் பிடிக்கும். கட்டையில் பிடிக்கும்போது நட்டு பேரலையும் கூடவே திருப்பப் பார்க்கும்; பேரலைத் தடுத்து நிறுத்துவது ஒரு குட்டிப் பின், அது உட்காரும் அலுமினியக் காடி நசுங்க வாய்ப்பிருக்கிறது.

இதுவரை சொன்னது நிஜமான தேவை. இனி காசு பிடுங்கும் பாதி.

ராணுவ வகை நட்டுக்கு ஒரே ரெஞ்ச் போதும், யார் செய்ததாக இருந்தாலும் பொருந்தும். ஆனால் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு செய்யும் கம்பெனிகள் பல, தங்களுக்கென்று ஒரு நட்டைச் செய்துகொண்டன. ஒன்றில் துளை, ஒன்றில் பட்டை, ஒன்றில் வேறு எண்ணிக்கையில் பல். இதில் நியாயமும் கொஞ்சம் உண்டு: வழவழப்பான, நீளமான நட்டு என்றால் குழாய் அதன்மேல் நன்றாகப் படிந்து கவ்வும், கேஸ் ட்யூப் நட்டை ஒட்டாமல் மேலே போகும்படி வடிவமைத்தால் காடியை நேராக்கும் தலைவலியே இல்லை, சொன்ன அளவுக்கு இறுக்கி விட்டுவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நட்டுக்கான ரெஞ்சைப் பெட்டிக்குள்ளேயே வைக்காமல் தனியாக விற்பதற்கு மட்டும் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. நண்பரின் அலமாரியில் இப்போது நாலு ரெஞ்ச் தொங்குகிறது, ஒன்று இன்னொன்றுக்கு உதவாது. அதனால் வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: ராணுவ வகை நட்டிலேயே உட்காருமா, இல்லையென்றால் ரெஞ்ச் பெட்டியில் வருகிறதா, அதில் டார்க் ரெஞ்சுக்குத் துளை இருக்கிறதா. சில பெட்டிகளில் வரும் தகடு ரெஞ்சில் துளை இருக்காது. கையால் திருக மட்டும்தான் உதவும்.

இன்னொன்று, நட்டு முடிந்த நிம்மதியில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். குழாயை நட்டின்மேல் கவ்வ வைக்கும் சின்ன ஸ்குருக்களுக்கு அளவு அங்குல-பவுண்டில் போட்டிருப்பார்கள். ஒரு அடி-பவுண்டுக்கு 12 அங்குல-பவுண்டு. நண்பர் தாளை அவசரமாகப் பார்த்துவிட்டு அதே பெரிய டார்க் ரெஞ்சை எடுத்தார். கிளிக் வரவில்லை. 'டிக்' என்று வேறு ஒரு சத்தம் வந்தது, ஸ்குருவின் தலை மேசைக்கு அடியில் உருண்டது.

அறுத்தெடுத்த அந்த நட்டை ஊருக்கு எடுத்துப்போய் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்ட ஆசை. எடுத்துப் போகவில்லை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி 'ஆயுதம்' என்பதில் அதன் பாகங்களும் அடக்கம். மழிந்த நட்டு என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. போனில் படத்தைத்தான் காட்டினேன். அண்ணன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ளையரை ஏன்டா வெச்சே? உளிய வெச்சு ரெண்டு தட்டு தட்டியிருந்தா வந்திருக்குமே."