பரப்பு இருக்கிறது, வினை ஏன் நடக்கவில்லை? – நுண்துளை வினையூக்கிகள் பற்றிக் கேள்வி-பதில்

எஸ்.பி.ஏ-15 (ஒழுங்கான நானோ துளைகள் கொண்ட சிலிக்கா) தயாரித்தேன். பரப்பு கிராமுக்கு 800 சதுர மீட்டர். ஆனால் எஸ்டராக்க வினையில் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராவது) இதைப் போட்டாலும் போடாவிட்டாலும் மாற்றம், அதாவது விளைபொருளாக மாறும் அளவு, ஒன்றுதான். தயாரிப்பில் தவறா?

தயாரிப்பு நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் கையில் இருப்பது வெறும் சிலிக்கா. சுவரில் உள்ள சிலனால் (Si–OH) தொகுதிகளின் அமிலத்தன்மை எஸ்டராக்கத்துக்குப் போதாது. பரப்பு என்பது இடம் மட்டுமே. வேலை செய்யும் மையத்தை நீங்கள்தான் அதில் வைக்க வேண்டும். மெர்காப்டோபுரொப்பைல் சைலேனை ஒட்டி, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடால் சல்ஃபோனிக் அமிலமாக மாற்றுவது நன்கு பழகிய வழி. அலுமினியம் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் எஸ்.பி.ஏ-15 கடும் அமிலக் கரைசலில் உருவாவதால், அலுமினியத்தில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். சிலிக்கா தயாரான பிறகு தனியாக ஏற்றுவதே மேல். அடுத்த முறை பரப்போடு அமில மையங்களின் அளவையும் அளந்துவிடுங்கள்.

பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்க இசட்.எஸ்.எம்-5 சியோலைட் (நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிக்கேட் படிகம்) சரிவருமா?

வராது. அதன் துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர்தான். எண்ணெயின் டிரைகிளிசரைடு மூலக்கூறு அதற்குள் நுழையாது. துகளின் வெளிப்புறம் மட்டுமே வேலை செய்யும். சைலீன் தொழிலில் அதே குறுகலான துளைதான் வரம்: பாரா-சைலீன் எளிதாக வெளியே வந்துவிடும், சைலீனின் மற்ற இரு வடிவங்களான ஆர்த்தோவும் மெட்டாவும் உள்ளே திணறும். எண்ணெய்க்கு 5 நானோமீட்டருக்கு மேல் துளை உள்ளதைப் பாருங்கள்.

எம்.சி.எம்-41 (இதுவும் நானோ துளை சிலிக்காதான்) தூளைச் சூளையில் சுட்டதும் கறுப்பாகிவிட்டது. என்ன செய்வது?

காற்று போதவில்லை. துளைக்குள் இருந்த சி.டி.ஏ.பி. (துளை உருவாக அச்சாக இருக்கும் சோப்பு போன்ற கரிமப் பொருள்) எரியாமல் கரியாகிவிட்டது. தூளை மெல்லிய படுகையாகப் பரப்பி, காற்றோட்டத்தில், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, சில மணி நேரம் வைத்திருங்கள். இதன் சுவர் 1 நானோமீட்டர் அளவே என்பதால் ஈரத்தோடு வேகமாகச் சூடேற்றினால் கட்டமைப்பு சரிந்துவிடும். புகைபோக்கி இல்லாத அறையில் இதைச் செய்யவே வேண்டாம்.

உமிச் சாம்பலையே நானோ வினையூக்கி என்று சொல்லலாமா?

சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நல்ல சிலிக்கா மூலப்பொருள், அவ்வளவுதான். உமியை முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்குங்கள். இல்லாவிட்டால் அது உருகிக் கரியை உள்ளே பூட்டிவிடும். 600 டிகிரியை ஒட்டி எரித்தால் படிகமற்ற வெண்சாம்பல் கிடைக்கும். வெப்பம் மிக அதிகமானால் கிறிஸ்டோபலைட் படிகமாகி, காரத்தில் எளிதில் கரையாது. சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் வரும் சோடியம் சிலிக்கேட்டிலிருந்து எம்.சி.எம்-41 செய்யலாம்.

2025 வேதியியல் நோபல் உலோக-கரிமச் சட்டகங்களுக்கு (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் துளைப் பொருட்கள்) போனது. இனி சியோலைட்டுக்கு வேலை இல்லையா?

கிட்டகாவா, ராப்சன், யாகி மூவரும் பெற்றது தகுதியான பரிசு. அந்தச் சட்டகங்களில் சில கிராமுக்கு 7000 சதுர மீட்டரையும் தாண்டும். ஆனால் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியின் மேல் படியும் கரியை 700 டிகிரியை ஒட்டி எரித்துத்தான் நீக்குகிறார்கள். சியோலைட் அந்த வெப்பத்தைத் தாங்கும்; பெரும்பாலான சட்டகங்கள் அதற்கு வெகு முன்பே சிதைந்துவிடும்.

பல்லேடியம் ஏற்றிய சிலிக்காவை ஐந்து முறை பயன்படுத்தினேன், ஐந்திலும் 99 சதவீத மாற்றம். ஆனாலும் மதிப்பாய்வாளர் "சூடாக வடிகட்டிப் பாருங்கள்" என்கிறார். ஏன்?

அவர் கேட்டது நியாயம். தேவைக்கு மேல் வினையூக்கி போட்டு, தேவைக்கு மேல் நேரமும் கொடுத்தால், பாதி மையங்கள் செத்தாலும் 99 சதவீதம் வரும். ஒவ்வொரு சுற்றையும் மாற்றம் 30, 40 சதவீதத்தில் இருக்கும்போதே நிறுத்தி ஒப்பிடுங்கள். பல்லேடியம் கரைசலுக்குள் கசிந்து அங்கே வேலை செய்துவிட்டு, ஆறும்போது மறுபடி சிலிக்காவில் படியும் பழக்கம் உள்ளது. ஆறிய பின் வடிகட்டினால் அது பிடிபடாது. வினை வெப்பநிலையிலேயே வடிகட்டி, வடிந்த கரைசலைத் தொடர்ந்து சூடாக்கிப் பாருங்கள். அதில் வினை நடந்தால், கசிந்த பல்லேடியமும் அங்கே வேலை செய்கிறது.