ஜப்பானில் வேலை செய்பவர்கள் ஆண்டிறுதி விடுமுறையில் ஊருக்குப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள்? தனியாக இருக்கப் போரடிக்காதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போக முடிகிறவர்கள் போய்விடுங்கள், குறிப்பாகக் குழந்தை இருப்பவர்கள். தாத்தா பாட்டியோடு இருக்கும் ஒரு வாரத்துக்கு எந்த ஊர்சுற்றலும் ஈடாகாது. இந்தப் பதில் என்னைப் போன்றவர்களுக்கு: கல்யாணம் ஆகவில்லை, ஒசாகாவில் வேலை, லீவை மிச்சம் பிடித்து சித்திரைத் திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ மதுரைக்குப் போகிறவர்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இங்கே அரசு அலுவலகங்களுக்கு டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. தனியார் கம்பெனிகளிலும் பெரும்பாலும் அதே தேதிதான். ஒசாகாவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் என்று எங்காவது இறங்கி ஏற வேண்டும். அந்த வாரத்து டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதையும் கொடுத்துப் போய், சென்னையில் இறங்கி, மதுரைக்கு வண்டி பிடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பாதி விடுமுறை காலி. போதாக்குறைக்கு ஊரில் அந்த வாரம் எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். லீவெல்லாம் பொங்கலுக்குத்தான்.

சரி, ஜப்பானிலேயே இருந்தால்? ஒரு வருடம் இருந்து பார்க்கலாம், தப்பில்லை. எங்கள் ஆபீஸில் கடைசி வேலை நாளன்று மத்தியானத்துக்கு மேல் யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள். ஆளுக்கொரு ஈரத்துணி. மேஜை, கீபோர்டு இடுக்கு, ஜன்னல் சட்டம், குப்பைக்கூடையின் அடி என்று ஒன்று விடாமல் துடைப்பார்கள். துறைத் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காபி மெஷினைக் கழற்றிக் கழுவுவார். கொளுத்தாமல் கொண்டாடும் போகி மாதிரி இருக்கும். மாலையில் 'யோய் ஒதோஷி ஓ', அதாவது நல்ல வருஷமாக அமையட்டும் என்று குனிந்து சொல்லிவிட்டு அவரவர் சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அந்த நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பதும் லேசில்லை. 2023 ஆண்டிறுதியிலிருந்து நொசோமி புல்லட் ரயிலில் இந்த நெரிசல் நாட்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு இங்கே லீவு இல்லை. வறுத்த கோழி, ஸ்ட்ராபெர்ரி கேக், மறுநாள் ஆபீஸ், அவ்வளவுதான். புத்தாண்டுதான் பெரிது. ஆனால் அது முழுக்கக் குடும்ப விஷயம். 31 இரவு வீட்டில் சோபா என்னும் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, புத்தர் கோயில் மணி 108 முறை அடிப்பதைக் கேட்பார்கள். விடிந்தால் ஷிண்டோ கோயில். ஒசாகாவில் சுமியோஷி தைஷாவுக்கு முதல் மூன்று நாளில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து போய்க் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு வரலாம், நன்றாகவே இருக்கும். அதற்கப்புறம்தான் போரடிக்கும். கிளினிக், பேங்க், பக்கத்துத் தெரு உணவகம் எல்லாம் மூடியிருக்கும். கொன்பினி என்கிற 24 மணி நேரக் கடையில் இருக்கும் நேபாளிப் பையனிடம் நாலு வார்த்தை பேசினால் உண்டு.

அதனால் நான் நண்பர்கள் இருக்கும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன். இதில் பலரும் யோசிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. குளிர்கால விடுமுறை என்றால் ஆசியா முழுக்க ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஜப்பான் 1873லேயே ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டது. புத்தாண்டுக் கொண்டாட்டமும் ஜனவரி 1க்கு வந்துவிட்டது. தைவான், கொரியா, வியட்நாம், சீனாவில் பெரிய விடுமுறை இன்னமும் சந்திரக் கணக்குப்படிதான். 2025ல் அது ஜனவரி 29, 2026ல் பிப்ரவரி 17. ஆக, உங்களுக்கு வாரம் முழுக்க லீவு இருக்கும்போது தைவான் தலைநகர் தாய்பேயில் இருக்கும் நண்பனுக்கு ஜனவரி 1 மட்டும்தான் லீவு. டிசம்பர் 30 அவனுக்கு ஆபீஸ்.

'நான் வருகிறேன், லீவு போடு' என்று கேட்கவே கூடாது என்பது என் கட்சி. அவர்களுக்கும் வருடத்துக்கு எண்ணி வைத்த லீவுதான், அதை நம்மை ஊர் சுற்றிக் காட்டவா செலவழிப்பார்கள்? பகலில் நான் தனியாகச் சுற்றுவேன், சாயங்காலம் அவர்கள் வந்ததும் ஒன்றாகச் சாப்பாடு. இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்பும் களைப்பதில்லை. சொல்லப்போனால் நட்பே இப்படித்தான் நீடிக்கிறது. சுற்றுலா வழிகாட்டி வேலை பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

தாய்பே நண்பன் இங்கே கம்பெனி விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. ஊர் திரும்பிய பிறகும் தொடர்பு விடவில்லை. ஒசாகாவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான். 15 டிகிரிதானே, ஜப்பானை விடக் கதகதப்பாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது. விடாத தூறல் வேறு. வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தானோ என்னவோ அந்த ஊர் ஹாட்பாட் அவ்வளவு ருசிக்கிறது. மேஜை நடுவில் மின்அடுப்பு, அதன் மேல் கொதிக்கிற சாறு, சுற்றிலும் முட்டைக்கோஸ், காளான், டோஃபு, சேப்பங்கிழங்குத் துண்டுகள், மீன் உருண்டை. தொட்டுக்கொள்ள ஷாச்சா என்று ஒரு சாஸ். கருவாட்டு வாசம் தூக்கலாக இருக்கும், நம்மவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை என்று அவன் அம்மாவுக்குத் தெரியும். எனக்கென்று ஒரு சின்னச் சட்டி தனியாகக் கொதிக்கும். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. கிண்ணம் காலியானால் நிரப்புவார், போதும் என்று கையை ஆட்டினால் இன்னொரு கரண்டி போடுவார். எல்லா ஊர் அம்மாக்களும் இதில் ஒரே கட்சிதான்.

பகலில் மெட்ரோ ஏறி பெய்தோ வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம். ஒன்சென் என்னும் ஜப்பானிய வெந்நீர்க் குளியலில் ஆடை கூடாது. பெய்தோவின் திறந்தவெளிப் பொதுக் குளத்தில் நீச்சலுடை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

31 இரவு தாய்பே 101 கோபுரத்தில் வாணவேடிக்கை. 508 மீட்டர் உயரக் கோபுரத்தின் உடம்பிலிருந்தே வெடிக்கும், ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் யானைமலை என்ற குன்றில் இடம் பிடிக்க மத்தியானமே ஆட்கள் ஏறிவிடுவார்கள். நண்பன் கூட்டம் அந்தப் பக்கமே போகாது. ஆற்றங்கரையில் தள்ளி நின்று பார்ப்பார்கள். மேகம் இறங்கிவிட்டால் புகைக்குள் நிறம் நிறமாக வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதையும் பார்த்துக் கைதட்டுவார்கள். அன்றைக்கு மெட்ரோ விடிய விடிய ஓடும் என்பதால் வீடு திரும்பக் கவலை இல்லை. சூடான சோயா பாலும் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியான யூதியாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கை.

கோலாலம்பூர் வேறு ரகம். அங்கே எனக்கு இருப்பது மலேசியத் தமிழ் நண்பர். 1982ல் மகாதீர் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையில் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்ட மாணவர்களின் வரிசையில் வந்தவர். ஒசாகாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு போய்விட்டார். வீடு கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில். வாசலில் காலணியைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவர் அம்மா குரல் வரும்: "தம்பி, பசியாறியாச்சா?" ஜப்பானில் வருடம் முழுக்கத் தமிழில் நினைத்து ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அதைக் கேட்டதும் தோள் இறங்கிவிடும்.

நண்பர் வேலை முடித்து வந்ததும் வண்டியை எடுப்பார். இரவு ஒரு மணிக்கு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தில், ரொட்டி சானாய், தே தாரிக். டி.வி.யில் இங்கிலாந்துக் கால்பந்து, பக்கத்து மேஜையில் மலாய்க்காரக் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு. ஜப்பானில் இப்படி நேரம் பார்க்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். கிறிஸ்துமஸ் முடிந்த வார இறுதியில் யார் வீட்டிலாவது திறந்த இல்ல உபசரிப்பு இருக்கும். நண்பரின் நண்பர் வீடு, நமக்கு முன்பின் தெரியாதவர்கள், ஆனாலும் தட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் ஒசாகாவிலிருந்து பச்சைத் தேயிலை கிட்காட் பொட்டலங்கள் கொண்டுபோவேன், எந்த வீட்டிலும் அதற்கு எதிர்ப்பு வந்ததில்லை.

பத்துமலை முருகன் கோயிலுக்கு ஒரு காலை. 2018ல் வண்ணம் பூசிய அந்த 272 படிகளை மழைக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். டிசம்பரில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. குரங்குகளையும் நம்ப முடியாது. ஒரு தகவல்: மலேசியாவில் ஜனவரி 1 எல்லா மாநிலத்துக்கும் பொது விடுமுறை இல்லை. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் உண்டு, ஜொகூரில் கிடையாது. ஜொகூர் பாரு நண்பரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டு போங்கள்.

காகித வேலைகள். ஜப்பானை விட்டு வெளியேறும்போது மறுநுழைவு அட்டையில் திரும்பி வருவேன் என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் தங்கும் உரிமையே போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவில் 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. ஆன்லைன் வருகை அட்டை மட்டும் போதும். ஜப்பான் வசிப்பிட அட்டை கையில் இருந்தால் தைவானுக்கு ஆன்லைனிலேயே இலவசமாக அனுமதிச் சான்று எடுக்கலாம். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட்டுக்கு முன்னால் ஒருமுறை அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். தைவானுக்கு எந்த இறைச்சிப் பொருளும் கொண்டுபோகாதீர்கள், அபராதம் பயங்கரம். திரும்பும்போது கிள்ளான் சந்தைக் கறிவேப்பிலைக்கும் ஆசைப்பட வேண்டாம். பயிர்ச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விட மாட்டார்கள். கடையில் மூடிய பாக்கெட்டில் விற்கும் பொடி வகைகளைக் கொண்டு வரலாம்.

பிப்ரவரியில் கதை தலைகீழ். சீனப் புத்தாண்டுக்கு அவர்களுக்கு லீவு, எனக்கு ஆபீஸ். என் ஒற்றை அறையில் இரண்டு ஃபூட்டோன் மெத்தை விரித்துக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன், பகலில் அவர்கள் பாடு. எல்லாருக்கும் பனி பார்க்க வேண்டும். ஒசாகாவில் பனி விழுவதே அபூர்வம், அதனால் கனசாவா பக்கம் அனுப்பிவைப்பேன். 2024 மார்ச்சுக்குப் பிறகு நேர் ரயில் இல்லை. தண்டர்பேர்ட் ரயிலில் சுருகா வரை போய் அங்கே ஷிங்கான்சென் புல்லட் ரயிலுக்கு மாற வேண்டும். மாறுவதற்கு நேரம் குறைவு, பெட்டிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை கிள்ளான் நண்பர் குடும்பத்தோடு வருகிறார். பனிக்காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், மலேசியாவில் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று போனில் சொன்னேன். அவர் மனைவி ஏற்கெனவே நாலு ஜோடி வாங்கிவிட்டாராம்.