ஆல்பம் இருக்கட்டும், முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட ராக் பேண்ட். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் பாடகர் நோயில் இறந்துபோனார். அடுத்த வருடமே டிரம்மரும் மனக்கசப்பில் விலகிவிட்டார். மிச்சம் கிட்டார் வாசிக்கும் நான், பேஸ் கிட்டார், கீபோர்டு வாசிப்பவர்கள். இப்போது புதுப் பாடகர் ஒருவரைச் சேர்த்து ஒன்பது பாட்டுள்ள ஆல்பம் செய்கிறோம். ஐந்து பாட்டு அவர் பாடுகிறார். நான்கு பாட்டில் பழைய பாடகர் கடைசி ரிகர்சலில் பாடியதையே வைக்கலாம் என்று எண்ணம். அந்த ரெக்கார்டிங் எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது (அவர் தங்கை இரண்டு முறை கேட்டார், ஆல்பம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்). ரசிகர்கள் புதுக் குரலை ஏற்றுக்கொள்வார்களா? பழைய பெயரையே வைக்கலாமா? அவர் நினைவு நாளில் வெளியிட்டால் பொருத்தமாக இருக்குமா?

பதில்: தம்பி, உங்கள் மூன்று கேள்விக்கும் பிறகு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

கூடப் பிறந்தவள் அண்ணன் குரலைக் கேட்டிருக்கிறாள், அதுவும் இரண்டு முறை. நீங்கள் கடன்காரரிடம் பேசுவதுபோல் தவணை சொல்லியிருக்கிறீர்கள். எதற்கு? பாட்டு முன்கூட்டியே கசிந்துவிடும் என்றா? தன் அண்ணன் பாட்டை அவளா கசியவிடப்போகிறாள்? பேண்டும் ஒரு குடும்பம்தான் என்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லாத குழு உலகத்தில் கிடையாது. அப்படியென்றால் அந்த வீட்டுக்கு நீங்களும் ஒரு பிள்ளை. பிள்ளை செய்கிற காரியமா இது? ரசிகர்கள் ஏற்பார்களா என்று தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கடிதத்தில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லெனன் 1980-ல் கொல்லப்பட்டார். மீதி மூன்று பீட்டில்ஸ்காரர்களும் அவர் குரலோடு புதிதாகப் பாட்டு செய்ய முன்வந்தபோது, அவர் வீட்டில் பதிந்து வைத்திருந்த கேசட்டுகளை 1994 ஜனவரியில் பால் மெக்கார்ட்னி கையில் கொடுத்தவர் மனைவி யோகோ ஓனோ. இரண்டு பாட்டு அடுத்த இரண்டு வருடத்தில் வெளிவந்தன. ஒலி சரியில்லை என்று அப்போது பாதியில் விட்ட இன்னொன்றை, பியானோவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்தபின் 2023-ல் முடித்தார்கள். அங்கே வீடு கொடுத்தது, பேண்ட் வாங்கிக்கொண்டது. உங்கள் விஷயத்தில் வீடு கேட்கிறது, பேண்ட் கொடுக்க மாட்டேன் என்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது, அது உங்களுக்கே உறைக்கவில்லை. ஆறு வருடப் பழைய டிஸ்க், ஒரே பிரதி. ஓடாமல் கிடக்கும் டிஸ்க் அடுத்த முறை சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது போனால் உங்களுக்கு நான்கு பாட்டு போச்சு. அந்த வீட்டுக்கு என்ன போகும் என்று யோசியுங்கள். ஆகவே இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கைக் கணினியில் மாட்டியதும் எதையும் திறந்து கேட்காதீர்கள். முழு டிஸ்க்கையும் அப்படியே வேறொரு புது டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப மாட்டிப் பார்ப்பதில் சாகிற டிஸ்க்குகள் உண்டு. பிரதி எடுக்கும்போது ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ரெக்கார்டிங் மென்பொருளின் செஷன் கோப்பை மட்டும் இழுத்துப் போடுவது. அதில் ஒலி இருக்காது. ஒலி பக்கத்தில் தனி ஃபோல்டரில் இருக்கும், அதுவும் வர வேண்டும். மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்றாவது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பிரதியிலிருந்து மட்டும் வேலை செய்யுங்கள். பழைய செஷனைப் புது மென்பொருளில் திறந்தால் பாதி பிளக்-இன் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்) காணாமல் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து கடைசிவரை ஒரே நீளமாக, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் துண்டாகப் பதிந்தது என்று ஒரு எண் (சாம்பிள் ரேட்) உண்டு, 44.1-ல் பதிந்ததை 44.1-லேயே எடுங்கள். 44.1 கோப்பை 48-ல் ஓடவிட்டால் வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச் சுர இடைவெளி) ஏறும். "அவர் குரல் அப்போ இன்னும் மெல்லிசா இருந்திருக்கு" என்று நீங்களாகவே ஒரு ஞாபகத்தை உண்டாக்கிக்கொள்வீர்கள்.

தங்கைக்குக் கொடுப்பது இரண்டு வகையாக இருக்கட்டும். முழுப் பிரதி ஒன்று. அதோடு போனிலேயே கேட்கிற மாதிரி எம்பி3-யாக ஒரு தொகுப்பு. அதில் பாட்டை மட்டும் போடாதீர்கள். ஒரு டேக்குக்கும் (ஒரு தடவை பாடிப் பதிந்ததற்கும்) அடுத்த டேக்குக்கும் நடுவில் தொண்டையைச் செருமியது, வரி மறந்து சிரித்தது, "இன்னொரு தடவ போலாம்டா, தப்பு என் மேலதான்" என்ற மாதிரிப் பேச்சு, இதெல்லாம் மிக்ஸ் செய்கிறவர் முதலில் வெட்டி எறிகிற சரக்கு. அந்த வீட்டில் பாட்டைவிட அதைத்தான் அதிகம் கேட்பார்கள். ஒரு மாலை உட்கார்ந்து அதைத் தேடி எடுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். கையில் சம்மதப் படிவத்தோடு போகவே போகாதீர்கள். அது வேறு நாள்.

அந்த வேறு நாளில் பேச வேண்டியது என்ன? தங்கை கையெழுத்து மட்டும் போதாது, சட்டப்படி வாரிசுகள் யாரோ அவர்கள் எல்லோரும் வேண்டும். எந்த நான்கு பாட்டு, எந்த டேக், எந்த அளவுக்குத் திருத்தலாம், விளம்பரத்துக்குப் போகலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அவர் பாடாத வார்த்தையைக் கணினியை வைத்து அவர் குரலில் பாட வைக்க மாட்டோம் என்ற வரியை நீங்களாகவே முன்வந்து எழுதுங்கள். பணத்தில் இரண்டு கணக்கு உண்டு. பாட்டை எழுதியதற்கான பங்கு வேறு, ரெக்கார்டிங்கில் பாடியதற்கான பங்கு வேறு. வரிகளோ மெட்டோ அவருடையது என்றால், பெரும்பாலான நாடுகளில் இறந்த பிறகு குறைந்தது 50 வருடம் அந்த உரிமை வாரிசுகளுக்கு. நீங்கள் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு இல்லை அது, அவர்கள் சொத்து. புதுப் பாடகர் பாடும் ஐந்தில் ஒன்றை இறந்தவர் எழுதியிருந்தாலும் இதேதான். வெளியீட்டுக்கு முன்பே பாட்டுவாரியாக, ஆள்வாரியாக, சதவீதம் போட்டு ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மொத்தம் நூறு வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நூற்றுப்பத்து வருகிற தாள்கள் நிறைய உண்டு.

கடிதத்தில் டிரம்மருக்கு ஒரே வரி. "மனக்கசப்பில் விலகிவிட்டார்." அவர் விலகவில்லை தம்பி, அந்த நான்கு பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ரிகர்சலில் ஒரே அறையில் பாடியிருக்கிறார்கள். குரல் மைக்கில் டிரம்ஸின் சிம்பலும் ஸ்னேரும் லீக்கேஜாக விழுந்திருக்கும். குரலைக் கம்ப்ரஸ் செய்தால் (ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தினால்) வரிகளுக்கு நடுவே சிம்பல் பொங்கி எழும். பிரிக்கிற மென்பொருளை அழுத்தமாகப் போட்டால் 'ச', 'ஸ' எல்லாம் கரகரத்து, வார்த்தையின் வால் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். வரிகளுக்கு இடையே மௌனமாக்குங்கள், வரிக்குள்ளே லேசாகப் பிரியுங்கள், மிச்ச லீக்கேஜோடு வாழப் பழகுங்கள். அப்படியானால் புது டிரம்ஸ் பழைய அடி மேலேயே விழ வேண்டும். கொஞ்சம் தள்ளினால் ஸ்னேர் இரட்டை அடியாகக் கேட்கும். கிளிக் (காதில் தாளம் தட்டும் ஒலி) இல்லாமல் வாசித்திருப்பார்கள், எனவே பழைய டிரம்ஸை வைத்து ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் வேகத்தைக் குறித்து டெம்போ மேப் போட்டு, கிளிக்கை அதன்படி ஓடவிட்டு வாசிக்க வேண்டும். குரலை வெட்டி நேர்கோட்டில் அடுக்கிவிடாதீர்கள். அவர் கோரஸுக்குள் நுழையும்போது வேகம் கூட்டுகிறவர் என்றால், கூடட்டும். சுருதியும் வழக்கமான 440 ஹெர்ட்ஸில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய கிட்டார் ட்ராக்கோடு ட்யூனர் வைத்துப் பார்த்து, இன்றைய கிட்டாரை அதற்கு இழுங்கள், குரலை இழுக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு இன்னொருவர் பழைய டிரம்மர் மாதிரியே வாசிப்பதைவிட, அவரையே கூப்பிட்டு அந்த நான்கு பாட்டையாவது வாசிக்கச் சொல்வது சுலபம். மனக்கசப்பு என்னவோ எனக்குத் தெரியாது. பாடகர் இருந்திருந்தால் யார் முதலில் போன் செய்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். வரமாட்டேன் என்றாலும் பரவாயில்லை, அவர் அடியில் பிறந்த பாட்டுக்கு அவர் பெயரும் பங்கும் உண்டு.

இனி உங்கள் கேள்விகள். ரசிகர்கள் ஏற்பது புதுப் பாடகரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மெட்டாலிகா குழுவின் பேஸ் வாசிப்பாளர் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் பஸ் விபத்தில் இறந்தார். அடுத்து வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ், 1988 ஆல்பத்தில் காதில் விழவே விழாது. இன்றுவரை அந்த மிக்ஸைப் பற்றித்தான் பேச்சு. இழப்பின் கோபத்தைப் புதிதாக வந்தவர் மேல் காட்டாதீர்கள். அவர் தொண்டைக்கு எது சுகமோ அந்தச் சுருதிக்குப் பாட்டை இறக்குங்கள். விரல் வைக்காத திறந்த தந்தியில் ஓடும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) என்றால் கணினியில் இறக்க வேண்டாம், கிட்டாரையே இரண்டு செமிடோன் இறக்கி, 10 அளவுத் தந்தியைத் தடித்த 11 ஆக்கி, கழுத்தின் வளைவையும் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பதை) சரிபார்த்துப் புதிதாக வாசியுங்கள். மெல்லிய தந்தி தளர்ந்தால் ஃப்ரெட்டில் அடித்துக்கொள்ளும். பழைய குரலையும் புதுக் குரலையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றி வைக்கும் ஆசை வரும், வேண்டாம். ஒரு வரி விட்டு ஒரு வரி ஒப்பிட்டால் எந்தப் பாடகரும் தோற்பார்.

பெயர்? பாடகர் இயன் கர்டிஸ் 1980-ல் இறந்ததும் ஜாய் டிவிஷன்காரர்கள் பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். அதே வருடம் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி பெயரை வைத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் புதுப் பாடகரோடு ஆல்பம் வெளியிட்டது. இரண்டும் நிலைத்தன. பாடகரை இழந்த தி டோர்ஸ் குழுவில் இருவர் பழைய பெயரை ஒட்டிப் பெயர் வைத்துக் கிளம்ப, மூன்றாமவரும் இறந்தவர் வீட்டாரும் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். எனவே மூன்று பேர் கூடி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. டிரம்மரையும் அந்த வீட்டையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு பெயர் தேடுங்கள், வாதாடாதீர்கள்.

நினைவு நாளில் வெளியீடு கூடாது. அன்றைக்கு அந்த வீட்டில் படத்துக்கு முன் விளக்கேற்றுவார்கள், அப்போது உங்கள் போனில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வேறு தேதி பாருங்கள். கோப்புகள் விநியோகஸ்தரிடம் நான்கு வாரம் முன்னால் போய்ச் சேர வேண்டும், மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) இரண்டு வாரம், மிக்ஸில் வீட்டார் கேட்டுச் சொல்ல ஒரு வாரம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி வையுங்கள். கையெழுத்து வராமல் அந்த நான்கு பாட்டை மாஸ்டரிங்குக்கு அனுப்பாதீர்கள். ஐந்து பாட்டோடு வந்தாலும் அது ஆல்பம்தான்.