மாதிரிப் பெட்டியை எப்போது திறப்பது?

கேள்வி: திருமணங்களுக்கும் நிறுவன விருந்துகளுக்கும் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். பஃபேயில் வைப்பதற்காக மினி எக்லேர் (உள்ளே கஸ்டர்ட் நிரப்பிய நீளமான சிறு பேஸ்ட்ரி), மூஸ் (நுரைபோன்ற மென்மையான க்ரீம் இனிப்பு), எலுமிச்சை டார்ட் (மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்தில் நிரப்பிய இனிப்பு), பிரௌனி ஆகியவற்றை உறைந்த நிலையில் மொத்தமாகத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். அடுத்த வாரம் மாதிரிப் பெட்டியுடன் வருகிறார். சுவைத்துப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– சமையல் ஒப்பந்ததாரர், ஈரோடு

பதில்: அவர் வரும் அன்று சுவைக்கவே வேண்டாம். விற்பனையாளர் தம் கையாலேயே பெட்டியிலிருந்து எடுத்து, சரியான பதத்தில் இளகியதை ஏசி அறையில் உங்கள் முன்னால் வைக்கும்போது எந்த இனிப்பும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் விருந்தாளி சாப்பிடப் போவதோ, உங்கள் உதவியாளர் வேறு நூறு வேலைகளுக்கு நடுவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்து, மண்டபத்து மேசையில் ஒரு மணி நேரமாவது காத்திருந்த இனிப்பை. ஆகவே, பிரிக்காத தட்டுகள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். அவற்றை ஒரு வாரம் உங்கள் ஃப்ரீசரிலேயே வைத்திருந்து, உங்கள் ஆட்களைக் கொண்டே இளக்கி, மேசையில் வைத்தவுடன் ஒருமுறையும் ஒன்றரை மணி நேரம் கழித்து மறுமுறையும் சுவையுங்கள். இரண்டாவது முறை கிடைக்கும் சுவைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு ஹோட்டலில் கொள்முதல் பார்த்த காலத்தில், குளிர்ந்த அறையில் ருசித்த ஒரு மாம்பழ மூஸை அந்த நிமிடமே ஒப்புக்கொண்டேன். புல்வெளியில் நடந்த மாலை வரவேற்பில் அது முக்கால் மணி நேரத்தில் சாய்ந்து சட்னியாயிற்று. இனிப்பின் மேல் குறை சொல்ல முடியாது. நான் சோதித்த இடம்தான் தவறு.

பாதி உறைந்த நிலையில் சுவைப்பதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. குளிர் மிகுந்தால் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும், மணமும் எழாது. அந்த நிலையில் ‘அளவான இனிப்பு’ என்று தோன்றும் மூஸ், முழுவதும் இளகிய பிறகு திகட்டலாம்.

வாயில் வைப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியது அதிகம். இத்தகைய பொருள் ஆலையிலிருந்து உங்கள் சமையலறை வரை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் உள்ளே பனித்தூள் உதிர்ந்து கிடந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆலையில் மைனஸ் 35 முதல் 40 டிகிரி வரையிலான குளிர்காற்றை வேகமாக வீசி உறைய வைக்கிறார்கள். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 1 முதல் 5 டிகிரி வரையிலான கட்டத்தில்தான் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்கின்றன; அந்தக் கட்டத்தை விரைந்து கடந்துவிட்டால் படிகங்கள் பொடியாகவே நின்றுவிடும். மெதுவாகக் கடந்தால் அவை பெருத்து, க்ரீமின் கட்டுக்கோப்பைக் கிழித்துவிடும். இளகும்போது நீர் பிரியும். பதினைந்து கிராம் துண்டு நொடிப்பொழுதில் உறைவதுபோலத் தோன்றுவது அதன் பலம். அதே வேகத்தில் இளகுவது அதன் பலவீனம். லாரியிலிருந்து இறக்கி வாசலில் பத்து நிமிடம் வைத்தால் ஒரு கிலோ கேக்குக்கு ஒன்றும் ஆகாது. மினி எக்லேர் தாங்காது.

இளகிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். எக்லேரின் ஓடு உள்ளிருக்கும் கஸ்டர்டின் ஈரத்தைக் குடித்து ரொட்டிபோல நைந்திருக்கிறதா, கஸ்டர்டைச் சுற்றி நீர் கசிந்திருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். சாதாரணச் சோளமாவில் கிண்டிய கஸ்டர்டை உறைய வைத்து இளக்கினால் நீர் பிரிவது இயல்பு. உறைநிலையைத் தாங்கும்படி மாற்றிய மாவைப் பயன்படுத்துவோரின் சரக்கில் அது மிகக் குறைவு. டார்ட்டின் அடித்தட்டு மொறுமொறுப்பாக இருக்க, உட்புறம் மெல்லிய சாக்லேட் பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு க்ரீமை நாக்கில் வைத்து அண்ணத்தில் அழுத்துங்கள். கோகோ வெண்ணெய் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். கெட்டிப்படுத்திய சில தாவரக் கொழுப்புகள் முழுதாக உருகாமல் மெழுகுபோலப் படியும். விழுங்கிய பிறகும் அண்ணத்தில் படலம் நின்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

எலுமிச்சை, பழ வகைகளை முதலிலும், பால் வகைகளை அடுத்தும், சாக்லேட்டையும் காப்பிச் சுவையையும் கடைசியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையிடையே சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். ஒரு அமர்வில் ஏழு வகைகளுக்கு மேல் வேண்டாம். அதன்பின் நாக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டும்.

கேள்வி: எங்கள் விருந்துகள் சுத்த சைவம். உறைந்த இனிப்பு என்பதும், பெட்டிகளில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றுதானா? சைவமா என்று எப்படி உறுதி செய்வது?
– விருந்து ஏற்பாட்டாளர், மதுரை

பதில்: ஒன்றல்ல. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்பது, பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பைச் சேர்த்து ஐஸ்கிரீம் போலச் செய்யும் பண்டத்தின் பெயர். உறைந்த எக்லேரும் டார்ட்டும் அந்த வகையில் சேரா. சைவம் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடங்கள் இரண்டு: முட்டை, ஜெலட்டின். மூஸை நிற்க வைப்பதற்குப் பலர் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைச் சேர்க்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ், பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின் போன்றவற்றால் செய்வோரும் உண்டு. முட்டை சேர்ந்த பண்டத்துக்கும் அசைவக் குறியே இட வேண்டும் என்பதால் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். மாதிரித் தட்டில் அல்ல, உங்களுக்கு அனுப்பும் பெட்டியின் மேலேயே. மாதிரி ஒரு வகையாகவும் சரக்கு வேறு வகையாகவும் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் மினி பிரௌனிகளில் ஒன்று விலை குறைவு. சுவையில் வித்தியாசம் இல்லை என்கிறேன் நான். இருக்கிறது என்கிறார் என் கூட்டாளி. எப்படித் தீர்ப்பது?
– உணவக உரிமையாளர், திருச்சி

பதில்: மூன்று தட்டுகளில், ஒரு நிறுவனத்தின் பிரௌனி இரண்டையும் மற்றதன் பிரௌனி ஒன்றையும், பெயர் தெரியாதபடி மூன்றிலக்க எண்களை மட்டும் இட்டு வையுங்கள். ஒரே அளவில் வெட்டி, ஒரே குளிரில், தட்டுகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றி, பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாக ‘எது வேறுபட்டது?’ என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே நான்கு பேர் சரியாகச் சொல்லக்கூடும். எட்டுப் பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை. அது தற்செயலாக நேர்வது நூற்றில் இரண்டு முறைக்கும் குறைவு. ஆனால் எது நல்லது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத் தனியே கேட்க வேண்டும். விலையையும் துண்டுக் கணக்கில் ஒப்பிடாதீர்கள், எடைக் கணக்கில் ஒப்பிடுங்கள். பன்னிரண்டு கிராம் வீதம் 48 துண்டுகள் உள்ள தட்டில் 576 கிராம். பதினாறு கிராம் வீதம் 40 துண்டுகள் உள்ள தட்டில் 640 கிராம்.

கேள்வி: மேலே தூவிய கோகோ பொடி பரிமாறும் நேரத்தில் கறுத்து ஈரமாகிவிடுகிறது. சரக்கில் குறையா?
– ஹோட்டல் சமையற்கலைஞர், சென்னை

பதில்: பெரும்பாலும் உங்கள் ஊர்க் காற்றின் குறை. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகப் படிகிறது. பனித்துளி விழுவதும் அப்படித்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை மூடியைத் திறக்காமல் அப்படியே குளிர்பெட்டியில், 5 டிகிரிக்கு மிகாமல் வைத்து இளக்குங்கள். முழுவதும் இளகிய பிறகே திறந்து அடுக்குங்கள். கோகோவைக் கடைசியில் நீங்களே தூவிக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: நம்முடைய இனிப்புகளையும் இதேபோலச் சிறிதாகச் செய்து உறைய வைத்து விற்க முடியுமா?
– இனிப்புக்கடைக்காரர், கும்பகோணம்

பதில்: குலாப் ஜாமூன் நன்றாகத் தாங்கும், பாகிலுள்ள சர்க்கரை நீரைக் கட்டிவைத்து, கல்லாக உறையவிடாமல் காக்கிறது. ஜவ்வரிசிப் பாயசமும் கேசரியும் கடினம். வெந்த மாவுச்சத்து குளிரில் இறுகி, இளகிய பிறகும் பழைய பதத்துக்குத் திரும்பாது. நீர் குறைந்து நெய் மிகுந்த மைசூர்பாகுக்கு ஃப்ரீசரே தேவையில்லை.

கேள்வி: விருந்தில் மிஞ்சியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?
– கல்லூரி உணவக மேலாளர், சேலம்

பதில்: கூடாது. மேசையில் இருந்தபோது கிருமிகள் பெருகியிருக்கும். உறைநிலை அவற்றைக் கொல்லாது, நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். தட்டுகளை ஒரேயடியாக இளக்காமல், வந்தவர்களின் தலையை எண்ணிக்கொண்டே மூன்று தவணையாக ஃப்ரீசரிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். முதல் தவணை முந்தைய நாள் இரவிலேயே மாற வேண்டும்.