ஆர்மீனியா, அசர்பைஜான்: பட்டாளத்துக்காரரிடம் கேட்டவை

பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆர்மீனியா, அசர்பைஜான் இரண்டின் படைபலம் பற்றி மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. இரண்டு பக்கமும் வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: சார், இரண்டுமே சோவியத்தில் இருந்த நாடுகள்தானே? எதற்காக இந்தச் சண்டை?

நாகோர்னோ கராபாக் என்ற மலைப்பகுதிக்காக. பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கும். அங்கே பெரும்பாலும் ஆர்மீனியர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் 1923-ல் சோவியத் அரசு அதை அசர்பைஜானுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாக வைத்துவிட்டது. 1988-ல் அந்தப் பகுதியின் சபை ஆர்மீனியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கலவரமாகத் தொடங்கியது, சோவியத் உடைந்ததும் முழுப் போராகிவிட்டது. 1994 மே மாதம் போர்நிறுத்தம் வந்தபோது கராபாக் மட்டுமல்ல, சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களின் பெரும்பகுதியும் ஆர்மீனியர் கையில் இருந்தன. அங்கிருந்து துரத்தப்பட்ட அசர்பைஜானியர் திரும்பிப் போக 26 வருஷம் காத்திருந்தார்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஹவில்தார்: ஜெய்ஹிந்த் சாப். ஆள் கணக்கு பார்த்தால் யார் பெரியவர்?

ஜெய்ஹிந்த். ஆள் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2020 போருக்கு முன்னால் ஆர்மீனியாவிடம் சுமார் 45 ஆயிரம் பேர், அசர்பைஜானிடம் சுமார் 67 ஆயிரம் பேர். மலையில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இது சமாளிக்கக்கூடிய வித்தியாசம்தான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆர்மீனியாவின் மக்கள்தொகை 30 லட்சம், அசர்பைஜானுடையது 1 கோடி. அங்கே காஸ்பியன் கடல் எண்ணெய் இருக்கிறது. 2006-ல் தலைநகர் பாகுவிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரை 1,768 கிலோமீட்டர் குழாய் திறந்தபிறகு காசு கொட்டியது. சில வருஷத்தில் அசர்பைஜானின் ராணுவச் செலவு ஆர்மீனியாவின் மொத்த அரசு பட்ஜெட்டையே தாண்டிவிட்டது.

அப்புறம், வாங்கிய விதம். ரஷ்யா இரண்டு பேருக்கும் விற்றது: ஆர்மீனியாவுக்குக் கடனிலும் சலுகை விலையிலும், அசர்பைஜானுக்கு ரொக்கத்துக்கு. அசர்பைஜான் அதோடு நிற்காமல் இஸ்ரேலிடம் போனது. 2016 முதல் 2020 வரை அது இறக்குமதி செய்த பெரிய ஆயுதங்களில் ஏறக்குறைய 69 சதவீதம் இஸ்ரேலிலிருந்து வந்தது. ஆர்மீனியா என்ன செய்தது? 2019-ல் ரஷ்யாவிடம் நான்கு சுகோய்-30 போர் விமானங்களை வாங்கியது. போர் வந்தபோது அவற்றுக்கு ஏவுகணை இல்லை. பிரதமர் பஷினியானே 2021-ல் இதை ஒப்புக்கொண்டார். அணிவகுப்பில் பறக்கவிட மட்டும் விமானம் வாங்குகிற நாட்டை என்ன சொல்ல!

குளச்சல், பள்ளி ஆசிரியர்: 1741-ல் நம் ஊர்க் கடற்கரையில் டச்சுக்காரர்களையே திருவிதாங்கூர் படை தோற்கடித்தது. சிறிய நாடு ஜெயிக்க முடியாதா?

முடியும். 1994-ல் ஆர்மீனியா அதைத்தான் செய்தது. ஆனால் குளச்சலுக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாயையே வைத்து மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் படைக்குப் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் இன்றும் டி லனாயின் கல்லறை இருக்கிறது. ஜெயித்தவர் தோற்றவனிடம் வித்தை கற்றுக்கொண்டார். ஆர்மீனியப் படை 1994-ல் ஜெயித்த அதே முறையிலேயே உட்கார்ந்துவிட்டது. தோற்ற அசர்பைஜான் துருக்கியிடம் அதிகாரிகளை அனுப்பி, பழைய சோவியத் பழக்கத்தை விட்டு வேறு மாதிரி சண்டை போடக் கற்றது.

இரணியல், இளைஞர்: 2020-ல் ட்ரோன்தான் ஜெயித்தது என்கிறார்களே, எப்படி?

அது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் மக்களே.

2020 செப்டம்பர் 27-ல் தொடங்கி 44 நாள் நடந்த போர் அது. அசர்பைஜான் முதலில் ஆன்டோனோவ்-2 என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டது. அதைப் பார்த்து ஆர்மீனிய ரேடார்கள் விழித்துக்கொண்டன, ஏவுகணைகள் கிளம்பின. ரேடாரும் ஏவுதளமும் இருக்கும் இடம் தெரிந்துபோனது. உடனே ஹாரோப் என்ற இஸ்ரேலிய ட்ரோன் வந்து அவற்றின் மேலேயே விழுந்து வெடித்தது. வானத்தைக் காக்கும் கருவிகள் போனபிறகு துருக்கியின் பைரக்தார் ட்ரோன்கள் நாள் முழுக்க மேலே நின்று ஒவ்வொரு டாங்கியாக, ஒவ்வொரு பீரங்கியாக அடித்தன.

அந்தக் காட்சிப்படங்களில் நான் பார்த்தது பீரங்கிகளின் நிலையைத்தான். அரைவட்டமாக மண் அணைத்து, நடுவில் பீரங்கி, மேலே ஒன்றும் இல்லை. எதிரிப் பீரங்கிக்குப் பயந்து கட்டிய அரண் அது; மேலிருந்து பார்ப்பவனுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்த மாதிரி. சுட்டவுடன் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். இழுவை வண்டி வந்து மாட்டிக்கொண்டு போவதற்குள் ட்ரோன் வந்துவிட்டால் என்ன செய்ய?

தக்கலை, வியாபாரி: அப்போ காலாட்படைக்கு வேலையே இல்லையா அண்ணே?

இருக்கிறது. ஷுஷா என்ற மலை நகரத்தைப் பிடித்தது ட்ரோன் இல்லை. செங்குத்துப் பாறையில் ஏறிப் போன சிறப்புப் படை. வேளிமலை உச்சியை எதிரி பிடித்துவிட்டால் தக்கலை எப்படி இருக்கும்? கராபாக்கின் தலைநகராக இருந்த ஸ்டெபானகெர்ட் அப்படித்தான் ஷுஷாவுக்குக் கீழே கிடக்கிறது. ஆர்மீனியாவிலிருந்து வரும் லாச்சின் சாலையும் அந்த வழிதான். நவம்பர் 8-ல் ஷுஷா போனது. 10-ஆம் தேதி போர்நிறுத்தம். இரு தரப்பிலும் சேர்ந்து ஏறக்குறைய ஏழாயிரம் வீரர்கள் இறந்தார்கள். ஆர்மீனியப் பக்கம் நிறைய பேர் 18, 19 வயதுப் பையன்கள், கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்கள்.

குழித்துறை: ரஷ்யா ஏன் கைவிட்டது?

இருவருக்கும் இடையிலுள்ள பாதுகாப்பு ஒப்பந்தம் ஆர்மீனியாவைக் காக்கத்தான், கராபாக்கை அல்ல என்றது ரஷ்யா. சரி, 2022 செப்டம்பரில் ஆர்மீனிய மண்ணிலேயே தாக்குதல் நடந்தபோதும் படை வரவில்லை. ரஷ்யா உக்ரைனில் மாட்டிக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பர் 19-ல் அசர்பைஜான் மறுபடி தாக்கி ஒரே நாளில் கராபாக்கை முடித்தபோது ரஷ்ய அமைதிப்படை அங்கேயே இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் ஊரைக் காலி செய்தார்கள்.

ஆரல்வாய்மொழி, முன்னாள் பீரங்கி வீரர்: நம் பினாகா ராக்கெட் ஏவும் வண்டி ஆர்மீனியாவுக்குப் போயிருக்கிறதே சாப், நிலைமையை மாற்றுமா?

ஓரளவு. 2020-ல் ஸ்வாதி ரேடாரை விற்றோம். எதிரிக் குண்டு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அது. 2022-ல் பினாகா ஒப்பந்தம் போட்டோம். வெளிநாட்டில் அதை முதலில் வாங்கியவர்களே ஆர்மீனியர்கள். 44 விநாடியில் 12 ராக்கெட், பிறகு வண்டியைக் கிளப்பிப் போய்விடலாம். இழுவைப் பீரங்கிக்கு இல்லாத வசதி. விமானங்களை வீழ்த்தும் ஆகாஷ் ஏவுகணையும் போகிறது. பிரான்ஸிடமிருந்து ரேடாரும், வண்டியில் ஏற்றிய சீசர் பீரங்கிகள் 36-ம் வாங்குகிறார்கள்.

எதிர்ப்பக்கம் பாகிஸ்தானிடமிருந்து ஜேஎஃப்-17 விமானம் வாங்குகிறது. 2025 ஆகஸ்ட் வரை ஆர்மீனியாவோடு தூதரக உறவே வைத்துக்கொள்ளாத நாடு பாகிஸ்தான். ஆகவே நாம் விற்பது வியாபாரம் மட்டும் இல்லை. ஆனாலும் இவையெல்லாம் தற்காப்புக்குத்தான் போதும். விமான பலத்தில் அசர்பைஜானை எட்ட ஆர்மீனியாவுக்குக் காசு இல்லை.

தூத்தூர், மீனவர்: நாங்கள் ஈரானுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள். அந்தச் சண்டையில் ஈரானும் சேருமா அண்ணே?

ஈரானுக்கும் ஆர்மீனியாவுக்கும் எல்லை சுமார் 44 கிலோமீட்டர்தான். அந்த ஓரமாகத்தான் அசர்பைஜான் தன்னிடமிருந்து துண்டாகக் கிடக்கும் நக்சிவானுக்கு வழி கேட்கிறது. அந்த எல்லை மூடிவிடக் கூடாது என்பது ஈரானின் கவலை. 2025 ஆகஸ்ட் 8-ல் வாஷிங்டனில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அமைதி ஒப்பந்த வரைவில் சுருக்கொப்பம் வைத்தார்கள். வழியை அமெரிக்கா மேம்படுத்தித் தரும் என்று பேச்சு. ஈரானுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அதற்காகப் படை இறக்கும் நிலையில் அவர்கள் இல்லை. உங்கள் படகு இருப்பது வளைகுடாவில்; அங்கே உங்களுக்குள்ள ஆபத்து வேறு.

கருங்கல், ஒரு அம்மா: என் மகள் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் டாக்டருக்குப் படிக்கிறாள். பயமாக இருக்கிறது. கூப்பிட்டுக்கொள்ளட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன் அம்மா. 44 நாள் போரிலும் சண்டை கராபாக்கிலும் அதைச் சுற்றியும்தான் நடந்தது. 2025 ஜூனில் ஈரானில் படித்த நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ஆர்மீனியா வழியாகத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கிழக்கு, தெற்கு எல்லைக் கிராமங்களுக்குச் சுற்றுலா என்று நண்பர்களோடு கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். யெரெவானில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிவு செய்திருக்கிறாளா என்று இன்றே கேளுங்கள். துருக்கி எல்லை 1993-லிருந்து மூடிக் கிடக்கிறது, அசர்பைஜான் பக்கமும் அப்படித்தான். தரைவழியாக வெளியேற வேண்டிவந்தால் வடக்கே ஜார்ஜியாதான். அதன் விசா விதியை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.