மனிசன் கிரிக்கெட் அட்டை சேர்க்கிறார், என்னுடைய காப்பு வங்கியில் கிடக்கிறது

கேள்வி: பரந்தன் பக்கம் இருந்து எழுதுகிறேன் அக்கா. இரண்டு பிள்ளைகள். இவருக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. ஆனால் கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வெறிபிடித்த மாதிரிச் சேர்க்கிறார். ஒன்லைனில் வாங்குகிறார், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரரிடம் சொல்லியும் எடுப்பிக்கிறார். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் இரண்டு அறையில் ஒன்று அட்டைகளுக்கு, அதற்குப் பூட்டு வேறு. பிள்ளைகள் விறாந்தையில் படுக்கிறார்கள். மூத்தவன் முறுக்குச் சாப்பிட்ட கையோடு ஒரு முரளி அட்டையைத் தொட்டான் என்று கன்னத்தில் அறைந்துவிட்டார். போன வருசம் சங்கிலியைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். இந்த வருசம் அலுமாரியில் இருந்த காப்பு இரண்டையும் எனக்குச் சொல்லாமலே அடைவு வைத்திருக்கிறார். இப்போது பெண்கள் குழுவில் கடன் எடுத்துத் தா என்கிறார், காணியை ஒற்றி வைக்கிற கதையும் நடக்கிறது. கேட்டால், அமெரிக்காவில் ஒரு அட்டை 126 லட்சம் டொலருக்குப் போனது, இது முதலீடு என்கிறார். நான் அட்டைகளை எடுத்து விற்கலாமா? இவரின் கடனுக்கு நான் பொறுப்பா? விவாகரத்துக் கிடைக்குமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட ஒழுங்கில் நான் பதில் சொல்லப்போவதில்லை. முதலில் அவசரமானது. அந்தக் குழுக் கடனுக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். அவர் தன் பெயரில் எடுத்த கடன் அவருடையது, நீங்கள் பிணை நிற்காத வரைக்கும் கடன்காரன் உங்களிடம் கேட்க முடியாது. குழுக் கடன் அப்படி இல்லை. கடன்காரி நீங்கள், பிணை உங்கள் குழுப் பெண்கள், காசு எந்த அட்டைக்குப் போனது என்று நீதிமன்றம் கேட்காது, ஒப்பந்தத்தில் யாருடைய கையெழுத்து என்றுதான் பார்க்கும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதை நம்பி இப்போது யாரும் பேனையைத் தூக்க வேண்டாம். வன்னியில் அந்த வாரக் காசு கட்ட முடியாமல் வேலியால் ஒளிந்து திரிந்த பெண்களை எனக்குத் தெரியும், அவர்களில் கனபேர் கடன் எடுத்தது தங்களுக்காக இல்லை.

சரி, நகை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன வித்தியாசம்: சங்கிலியை நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள், காப்பை அவர் கேட்காமல் எடுத்தார். வீட்டில் இரண்டும் ஒரே கவலைதான், சட்டத்தில் இரண்டும் வேறு. சங்கிலி நீங்கள் சம்மதித்துக் கொடுத்தது, அதைத் திருப்பித் தா என்று கேட்கலாம், வழக்கும் போடலாம், ஆனால் அது கொடுக்கல் வாங்கல் விசயம். காப்பு அப்படியில்லை. அது கலியாணத்துக்கு உங்கள் வீட்டில் போட்டது என்றால் உங்கள் தனிச்சொத்து. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது: மனைவி கொண்டுவந்த சொத்து அவளுக்கே உரியது, புருசனின் கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது. அந்தச் சொத்தையே பராமரிக்கவோ அதற்கு வரி கட்டவோ எடுத்த கடன் போன்றவை மட்டும் விலக்கு. கிரிக்கெட் அட்டை அந்த விலக்குக்குள் எந்த வழியாலும் வராது. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்து, நேர்மையற்ற முறையில் தன் பாவனைக்கு மாற்றினால் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு வரைக்கும் போகலாம்.

இதற்காக நாளைக்கே பொலிசுக்குப் போய் அவரை உள்ளே போடச் சொல்லவில்லை. போனாலும் அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் "வீட்டில் பேசித் தீருங்கோ" என்றுதான் அனுப்புவார்கள். ஆனால் பெண்கள் சிறுவர் பிரிவில் ஒரு முறைப்பாடு பதிவில் இருப்பது நல்லது, மூன்றாவது நகையும் போகிற நாளில் அது உதவும். அதைவிட முக்கியம் அடைவுச் சீட்டு. அது அவருடைய பெயரில் இருக்கும், மீட்கிறதும் அவர்தான். அதில் இருக்கிற தவணைத் திகதியைப் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். காப்பு உங்களுடையது, உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்கப்பட்டது என்று அந்த வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள், பிரதி உங்களிடம் இருக்கட்டும். கலியாண அல்பத்தில் கையில் அந்தக் காப்போடு நிற்கிற படம் இருக்கும்தானே, அதையும் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டு இடப்பெயர்வோடு போய்விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்குப் படமே போதும்.

இடையில் ஒன்று. மேலே சொன்ன 1911 சட்டம் தேசவழமையோடு, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்தோடு சேர்ந்தது, அது எல்லாருக்கும் பொருந்தாது. வட மாகாணத்தையே சொந்த இடமாகக் கொண்ட தமிழருக்குத்தான் அது. உங்களவரின் குடும்பம் 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியது என்றால், தேசவழமையா பொதுச் சட்டமா என்பதில் வாதம் இருக்கிறது. பெண் கலியாணம் கட்டினால் புருசனின் பக்கத்துச் சட்டம்தான் அவளுக்கும் வரும், ஆகவே அவரின் பூர்வீகத்தைத்தான் பார்க்க வேண்டும். பொதுச் சட்டம் என்றால் 1923இன் விவாகமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம், அதில் நகையோ காணியோ உங்கள் விருப்பப்படி செய்யலாம். தேசவழமையில் அசையாச் சொத்தை விற்க மட்டும் புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவர் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி தரலாம். தன் காணியை விற்க அவருக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள், நூறு வருசத்துக்கு மேலாக அப்படியே கிடக்கிறது.

அட்டைகளுக்கு வருவோம். கலியாணத்துக்குப் பிறகு அவர் சம்பளத்தில் வாங்கினது தேடியதேட்டம். நம்மூரில் தேடியதேட்டம் என்றால் பாதிக்குப் பாதி, இப்போதே பிரித்துக் கேட்கலாம் என்று கனபேர் நினைக்கிறார்கள். அந்த 1911 சட்டத்தின் 1947 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. யார் தேடினாரோ அது அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடையது, அவர் உயில் எழுதாமல் செத்தால்தான் பாதி உங்களுக்கு வரும். அதனால் அறைப் பூட்டை உடைத்து அட்டைகளை விற்றால் களவு, கோபத்தில் அடுப்பில் போட்டால் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிற நேரத்தில் எதிரியாகக் கூண்டில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். தொட வேண்டாம்.

விற்றாலும் என்ன கிடைக்கப்போகிறது? 126 லட்சம் டொலர் கதை பொய்யில்லை. மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் 1952ஆம் ஆண்டு டொப்ஸ் கம்பனி அட்டை, 2022 ஆகஸ்ட்டில் ஏலத்தில் போனது. ஏன் அந்த விலை? அந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டையைச் சைக்கிள் சில்லில் செருகி ஓடினார்கள், தாய்மார் வீடு கூட்டும்போது எறிந்தார்கள், விற்காமல் தேங்கிய பெட்டிகளைக் கம்பனியே கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக ஒரு கதை இருக்கிறது. சுத்தமாக மிஞ்சியது கொஞ்சம், அதுதான் விலை. 1980களின் கடைசியிலிருந்து அங்கேயும் ஆளாளுக்கு முதலீடு என்று வாங்கிப் பெட்டி பெட்டியாக வைத்தார்கள், கம்பனிகள் அச்சடித்துத் தள்ளினார்கள், இன்றைக்கு அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கேட்க நாதியில்லை. எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிற சாமான் எப்படி அருமையாகும்? அங்கே என்றால் அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை புள்ளி போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிற பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்களும், அதை நம்பி வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் நீதிமன்றக் கட்டளைப்படி சாமான் விற்கிற பிஸ்கால் உத்தியோகத்தர் ஏலம் போட்டால், முரளி 800 விக்கெட் எடுத்த அட்டையாகவே இருந்தாலும், பெட்டியின் விலை கூட வராது. முதலீடு என்று அடுத்த தடவை சொன்னால் சண்டை பிடிக்காமல் ஒன்று கேளுங்கள்: இதுவரைக்கும் எத்தனை அட்டை விற்றீர்கள்?

ஆகவே அட்டையை விட்டுவிட்டுச் சம்பளத்தைப் பிடியுங்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, போதிய வருமானம் உள்ளவர் பிள்ளைகளையோ, தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவியையோ கவனிக்காமல் விட்டால், நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணம் கேட்கலாம். பிரிந்து வாழ வேண்டும் என்றோ விவாகரத்து எடுத்திருக்க வேண்டும் என்றோ அந்தச் சட்டம் கேட்கவில்லை, ஒரே கூரைக்குள் இருந்துகொண்டும் போடலாம். சும்மா அட்டை வாங்குகிறார் என்று சொல்வதில் பயனில்லை. பள்ளிக்கூடச் செலவு, பால்மா, மருந்து, கரண்ட் பில், யார் எதைக் கட்டினது என்று ஒரு கொப்பியில் மூன்று நான்கு மாதத்துக்கு எழுதுங்கள், பக்கத்திலேயே அந்த மாதம் வந்த பார்சல்களையும் எழுதுங்கள். அரசாங்கச் சம்பளம் என்றபடியால் கட்டளை வந்த பிறகும் காசு வராவிட்டால் சம்பளத்திலிருந்தே கழிக்கச் செய்யலாம், கூலி வேலை செய்கிறவரின் மனைவிக்கு இந்த வசதி கிடையாது. உங்களுக்கென்று ஏதாவது வருமானம் இருந்தால் மறைக்க வேண்டாம், எப்படியும் வெளியில் வரும்.

காணி. வீட்டுத்திட்டக் காணி என்றால் அநேகமாகப் பெர்மிட்டாக இருக்கும், அல்லது அளிப்புப் பத்திரம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது, ஒரு வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து ஒற்றி வைத்தால் அது செல்லாது. காசு கொடுத்தவனுக்கும் அது தெரிந்திருக்கும், பிறகு காணிக்குள் வந்து குந்திக்கொள்வான், அதுதான் கரைச்சல். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள், கிராம சேவையாளருக்கும் ஒரு பிரதி. மாறாக அது அவரின் பரம்பரை உறுதிக் காணி என்றால் நான் சொன்ன இந்தப் பாதுகாப்பு இல்லை, அப்போது உறுதியோடு என்னிடமோ வேறு சட்டத்தரணியிடமோ வாருங்கள்.

விவாகரத்து: பொது விவாகச் சட்டத்தில் காரணம் மூன்றுதான், பிறர் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணம் கட்டும்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. அட்டைப் பைத்தியம் இதில் எதற்குள்ளும் வராது. அவர் உங்களை வீட்டில் இருக்கவே முடியாத நிலைக்குத் தள்ளினார், அதனால் அவர்தான் கைவிட்டார் என்று வாதாடலாம், ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து நான் அந்த வழக்கை எடுக்க மாட்டேன். கோபத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவும் வேண்டாம், போனால் நீங்கள்தான் கைவிட்டீர்கள் என்று அவர் பக்கம் எழுதுவார்கள்.

மூத்தவனின் கன்னத்தில் விழுந்த அந்த அறையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பிள்ளைக்குச் செய்கிற அடியும் அடங்கும். ஒரு அறைக்கு நீதிமன்றம் போகச் சொல்லமாட்டேன், இரண்டாவது அறை விழுந்தால் போகச் சொல்வேன். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரைக்கும் கிடைக்கும், உளவளத்துணைக்குப் போகவும் நீதிமன்றம் சொல்லலாம். அதற்கு முன்னமே பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இருவரும் போகலாம், அங்கே காசு எடுக்கமாட்டார்கள். அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் தனியப் போங்கள். இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்த பெடியனுக்குப் பூட்டி வைக்கிற சாமான் மேல் ஒரு ஆசை வருவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கு உங்கள் காப்பு ஏன் போக வேண்டும்?

ஊதாரித்தனமாகச் சொத்தை அழிக்கிறவரின் கையிலிருந்து நிர்வாகத்தை எடுத்து வேறொருவரிடம் கொடுக்கிற வழி நம் பொதுச் சட்டத்தின் அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது, யாராவது உங்களுக்கு அதைச் சொல்லி ஆசை காட்டினால் கேட்டுவிட்டு விடுங்கள். புத்தகத்தில் இருக்கிற சாமான் அது. மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கு ஒத்துவராது, வழக்குச் செலவே காப்பின் விலையைத் தாண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள், வருமானம் பார்த்து இலவசமாகவே எடுத்து நடத்துவார்கள். அவசரம் என்றால் 1938 பெண்கள் உதவி இலக்கம். போகும்போது கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அவரின் சம்பளச் சீட்டு கிடைத்தால் ஒரு பிரதி, காணிப் பத்திரம், அந்தக் கொப்பி, அடைவுச் சீட்டின் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அடைவுத் தவணை முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றால் இதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம், முதலில் வங்கிக்குப் போய் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.